யாருடைய இருபது ஆண்டுகள்?

எடைக் குறைப்பு ஊசிகளை ஆண்டுக்கணக்கில் போட்டுக்கொண்டால் உடலுக்கு ஏதும் ஆகாதா என்று கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "இவை ஒன்றும் புதிய மருந்துகள் அல்ல, இருபது ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருப்பவை" என்பதே. இதில் பொய் இல்லை. இந்த வகையின் முதல் மருந்தான எக்ஸெனடைட் 2005 ஏப்ரலில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன் பின் 2010 இல் லிராக்ளூடைட், 2017 இல் செமாக்ளூடைட், 2022 இல் டிர்செபடைட் என்று வரிசையாக வந்தன. ஒசெம்பிக், வெகோவி (செமாக்ளூடைட்), மவுஞ்சாரோ (டிர்செபடைட்) என்ற பெயர்களில் இன்று பேசப்படுபவை இந்த வரிசையின் பிற்பகுதியில் வந்தவை. ஆனால் அந்த இருபது ஆண்டுகளின் பெரும்பகுதி சர்க்கரை நோயாளிகளுடையது. அவர்கள் எடுத்தவை வேறு மூலக்கூறுகள், அல்லது குறைந்த அளவுகள். எடைக்காகவே செமாக்ளூடைட் 2.4 மில்லிகிராம் அளவில் அனுமதிக்கப்பட்டது 2021 ஜூனில்தான். டிர்செபடைட் எடைக்காக அனுமதி பெற்றது 2023 நவம்பரில். சர்க்கரை நோயோ இதய நோயோ இல்லாமல், எடையை மட்டும் குறைக்க விரும்பி முப்பது வயதில் ஊசியைத் தொடங்கும் ஒருவருக்கு அந்த இருபது ஆண்டுப் பதிவு பாதிதான் பொருந்தும். எந்தப் பாதி பொருந்துகிறது, எது பொருந்தவில்லை என்று பிரித்துப் பார்க்காமல் "பாதுகாப்பானது" என்பதும் "ஆபத்தானது" என்பதும் ஒரே தவறின் இரு வடிவங்கள்.

மருந்து வேலை செய்யும் விதத்திலேயே இந்தக் கேள்வியின் வேர் இருக்கிறது. உண்ட உணவு குடலைக் கடக்கும்போது குடலின் எல் செல்கள் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிறது, இரைப்பை காலியாகும் வேகத்தைக் குறைக்கிறது, போதும் என்ற செய்தியை மூளைக்கு அனுப்புகிறது. வேலை முடிந்ததும் டிபிபி-4 என்ற நொதி அதைச் சிதைத்துவிடுகிறது. ரத்தத்தில் அதன் அரை ஆயுள் இரண்டு நிமிடம் அளவுக்குத்தான். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்க மருத்துவர் ஜான் எங், கிலா மான்ஸ்டர் என்ற நச்சுப் பல்லியின் நச்சுநீரில் இதே வேலையைச் செய்யும், ஆனால் எளிதில் சிதையாத ஒரு புரதத் துணுக்கைக் கண்டார். அதிலிருந்து பிறந்ததுதான் எக்ஸெனடைட். செமாக்ளூடைட்டை உருவாக்கியவர்கள் மனித ஹார்மோனையே சற்று மாற்றி, அதில் ஒரு கொழுப்பு அமிலச் சங்கிலியை இணைத்து, ரத்தத்திலுள்ள ஆல்புமினோடு ஒட்டிக்கொள்ளச் செய்தார்கள். அரை ஆயுள் ஏறத்தாழ ஒரு வாரமாக நீண்டது. உணவு வேளையில் எழுந்து சில நிமிடங்களில் அடங்கும் சமிக்ஞை, ஊசி போடுபவர் உடலில் இரவும் பகலும் ஓயாமல் இருந்துகொண்டே இருக்கிறது. இந்த ஹார்மோனின் ஏற்பிகள் கணையத்திலும் மூளையிலும் மட்டுமல்ல, இதயம், சிறுநீரகம் போன்ற இடங்களிலும் உள்ளன. இயற்கையான ஹார்மோனைப் போன்றது என்பதால் மட்டும் கேடு வராது என்று சொல்லிவிட முடியாது. கேடு வந்தே தீரும் என்று சொல்லவும் இதில் இடமில்லை. மனிதர்களைப் பின்தொடர்ந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பின்தொடர்வதைக் கணக்கிட ஆய்வாளர்கள் பயன்படுத்தும் அலகு நோயாளி-ஆண்டு. ஒருவர் ஓராண்டு மருந்து எடுத்தால் ஒரு நோயாளி-ஆண்டு. இந்த அலகில் ஒரு மயக்கம் ஒளிந்திருக்கிறது. பத்து லட்சம் பேர் ஓராண்டு எடுத்தாலும், ஐம்பதாயிரம் பேர் இருபது ஆண்டுகள் எடுத்தாலும் கணக்கில் வருவது அதே பத்து லட்சம்தான். ஆனால் ஆயிரம் தென்னங்கன்றுகளை ஓராண்டு கண்காணித்தவருக்கு எத்தனை கன்று பட்டுப்போகும் என்று துல்லியமாகத் தெரியும், பதினைந்தாம் ஆண்டில் மரம் எப்படி இருக்கும் என்று தெரியாது. விரைவில் வரும் அரிய தீங்குகளைக் கண்டுபிடிக்க ஆள் எண்ணிக்கை வேண்டும். மெல்லச் சேரும் தீங்குகளைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு ஆளிடமும் ஆண்டுகள் வேண்டும். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. ஆள் எண்ணிக்கைக்கே ஒரு எளிய விதி உண்டு: ஓர் ஆய்வில் ஒருவருக்குக்கூட ஒரு கேடு வரவில்லை என்றால், அதன் உண்மையான வாய்ப்பு அதிகபட்சம் மூன்றைப் பங்கேற்றோர் எண்ணிக்கையால் வகுத்தால் வரும் அளவு வரை இருக்கலாம். செமாக்ளூடைட்டுக்கு எடைக் குறைப்பு மருந்தாக அனுமதி பெற்றுத்தந்த ஆய்வுகளில் முதன்மையானது ஸ்டெப்-1. அதில் 1961 பேர் கலந்துகொண்டார்கள், மருந்து பெற்றவர்கள் 1306 பேர், காலம் 68 வாரம். பத்தாயிரத்தில் ஒருவருக்கு வரும் கேடு அதில் தலைகாட்ட வாய்ப்பே குறைவு. இருபது ஆண்டுகளில் வரும் கேட்டைப் பற்றி அந்த ஆய்வு எதையும் சொல்ல முடியாது, சொன்னதாக அதை நடத்தியவர்களும் உரிமை கோரவில்லை.

எடை குறைக்கும் மருந்துகளின் வரலாறு இந்த வேறுபாட்டைக் கசப்பாகவே கற்றுத்தந்திருக்கிறது. ஃபென்ஃப்ளூரமின் அமெரிக்காவில் 1973 இல் அனுமதிக்கப்பட்டது. 1990களில் அதை ஃபென்டெர்மினோடு சேர்த்துக் கொடுக்கும் பழக்கம் பரவியது. 1996 இல் மட்டும் அந்நாட்டில் எழுதப்பட்ட மருந்துச் சீட்டுகள் 1.8 கோடியைத் தாண்டின. 1997 இல் மேயோ கிளினிக் மருத்துவர்கள் இதய வால்வு பழுதடைந்த 24 பெண்களைப் பற்றி எழுதினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் ஃபென்ஃப்ளூரமின் சந்தையை விட்டுப் போனது. இருபத்து நான்கு ஆண்டுகள் புழக்கத்தில் இருந்த மருந்து அது. "நெடுநாளாகப் புழக்கத்தில் இருக்கிறது" என்ற ஆறுதல் எவ்வளவு மெலிந்தது என்பதற்கு இந்த ஒன்றே போதும். சிபுட்ரமின் 1997 இல் வந்தது. இதய நோய் ஆபத்து உள்ள ஏறத்தாழ பத்தாயிரம் பேரிடம் நடந்த ஸ்கவுட் ஆய்வில் மாரடைப்பு, பக்கவாதம் முதலியவை மருந்துக் குழுவில் 11.4 விழுக்காடாகவும் வெற்று மருந்துக் குழுவில் 10 விழுக்காடாகவும் இருந்ததால் 2010 இல் திரும்பப் பெறப்பட்டது, இந்தியாவிலும் அடுத்த ஆண்டு தடை செய்யப்பட்டது. நம் கேள்விக்கு மிக நெருக்கமானது லோர்கசெரின். 2012 இல் அனுமதி பெற்ற இந்த மாத்திரை, 12,000 பேரிடம் நடந்த பெரிய ஆய்வில் இதயத்துக்குத் தீங்கில்லாதது என்று பெயர் வாங்கியது. அதே ஆய்வின் தரவுகளை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் மீண்டும் அலசியபோது, மருந்து எடுத்தவர்களில் 7.7 விழுக்காட்டினருக்கும் எடுக்காதவர்களில் 7.1 விழுக்காட்டினருக்கும் புற்றுநோய் கண்டறியப்பட்டிருந்தது. தொடக்க மாதங்களில் இரு குழுவுக்கும் வேறுபாடே இல்லை. மருந்து எடுத்த காலம் நீள நீளத்தான் இடைவெளி விரிந்தது. 2020 பிப்ரவரியில் அது திரும்பப் பெறப்பட்டது. ஓராண்டோடு ஆய்வை முடித்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

இதைக் காட்டி, "எடை மருந்துகள் எல்லாமே கடைசியில் இப்படித்தான் முடியும், இதுவும் அப்படித்தான்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. முந்தைய மருந்துகள் வெவ்வேறு வழிகளில் வேலை செய்தவை. அவற்றின் குற்றத்தை இன்னொரு மூலக்கூறின் மேல் ஏற்றுவது அறிவியல் ஆகாது. தவிர, இப்போதுள்ள ஊசிகளுக்கு ஆதரவாக இருக்கும் சான்று, முந்தைய எடை மருந்து எதற்கும் கிடைக்காத வலிமை கொண்டது. 2023 இல் வெளிவந்த செலக்ட் ஆய்வு 41 நாடுகளில் 17,604 பேரைச் சராசரியாக 40 மாதம் பின்தொடர்ந்தது. எல்லோரும் 45 வயதைக் கடந்தவர்கள், ஏற்கெனவே இதய அல்லது ரத்தநாள நோய் உள்ளவர்கள், சர்க்கரை நோய் இல்லாதவர்கள். இதய நோயால் இறப்பு, மாரடைப்பு, பக்கவாதம் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்று வெற்று ஊசி பெற்றவர்களில் 8 விழுக்காட்டினருக்கும் செமாக்ளூடைட் பெற்றவர்களில் 6.5 விழுக்காட்டினருக்கும் நேர்ந்தது. எந்தக் காரணத்தாலும் இறந்தவர்கள் 5.2 விழுக்காட்டிலிருந்து 4.3 ஆகக் குறைந்தார்கள். தீவிர உடல்நலக் கேடுகளின் மொத்தக் கணக்கும் மருந்துக் குழுவிலேயே குறைவு. ஆய்வை நடத்தியது மருந்தைத் தயாரிக்கும் நோவோ நோர்டிஸ்க் நிறுவனம் என்பதை மறக்க வேண்டியதில்லை. ஆனால் குலுக்கல் முறையில் பிரித்து, யாருக்கு எது போகிறது என்று இரு தரப்புக்கும் தெரியாமல் நடத்திய ஆய்வில் இறப்பு எண்ணிக்கையைத் திரிப்பது எளிதல்ல. இதய நோய் உள்ள, பருமனான ஒருவருக்கு மூன்று, நான்கு ஆண்டுக் காலத்தில் இந்த ஊசி கெடுதலைவிட நன்மையே அதிகம் செய்கிறது என்பதை நியாயமாக மறுக்க முடியாது.

அந்த முடிவை வேறு யாருக்கு நீட்டலாம் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. செலக்ட் ஆய்வில் பங்கேற்றவர்களின் சராசரி வயது ஏறத்தாழ 62. நான்கில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவானவர்கள் ஆண்கள். 84 விழுக்காட்டினர் வெள்ளையர், ஆசியர் 8 விழுக்காடு. எடைக்காகவே நடந்த ஸ்டெப்-1 ஆய்விலோ சராசரி வயது 46, பங்கேற்றவர்களில் நான்கில் மூவர் பெண்கள். நடைமுறையில் ஊசி நாடுபவர்களின் முகம் இரண்டாவது கூட்டத்துக்குத்தான் நெருக்கமானது. இறப்பைக் குறைத்த சான்று முதல் கூட்டத்துடையது. இதில் கணக்கு ரீதியான ஒரு சமனின்மை இருக்கிறது. செலக்ட் ஆய்வில் ஒரு மாரடைப்பையோ பக்கவாதத்தையோ இதய மரணத்தையோ தவிர்க்க ஏறத்தாழ 67 பேர் மூன்றரை ஆண்டு அளவில் ஊசி போட வேண்டியிருந்தது. இதயத்தில் எந்தக் கோளாறும் இல்லாத முப்பது வயதுப் பெண்களை எடுத்துக்கொண்டால், அதே காலத்தில் அவர்களுக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பே மிகச் சொற்பம். ஆகவே ஒன்றைத் தவிர்க்க ஊசி போட வேண்டியவர்களின் எண்ணிக்கை பல மடங்கு பெருகும். நன்மையின் அளவு ஒருவருக்கு ஏற்கெனவே உள்ள ஆபத்தைப் பொறுத்துக் கூடும், குறையும். பக்கவிளைவுக்கு அந்தத் தயவு இல்லை. குமட்டலும் பித்தப்பைக் கல்லும் இதயம் நலமாக இருக்கிறதா என்று பார்த்து வருவதில்லை. ஆபத்து குறைந்தவரிடம் தராசின் ஒரு தட்டு மேலே போய்விடுகிறது, மறு தட்டு அதே இடத்தில் நிற்கிறது. "இந்த ஊசி பாதுகாப்பானதா" என்ற கேள்விக்கு ஆளைக் குறிப்பிடாமல் பதில் சொல்ல முடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

விரைவில் வரும் தீங்குகளில் பலவற்றை இப்போது நன்றாகவே அறிவோம். வாந்தி, குமட்டல், வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல் ஆகியவை பலருக்கு வந்து, பெரும்பாலோருக்கு அளவு பழகியதும் தணிகின்றன. ஆனாலும் செலக்ட் ஆய்வில் பக்கவிளைவு காரணமாக மருந்தை நிறுத்தியவர்கள் 16.6 விழுக்காடு, வெற்று ஊசிக் குழுவில் 8.2. பித்தப்பைக் கோளாறுகள் சற்றுக் கூடுகின்றன; வேகமாக எடை குறைந்தால் எந்த வழியில் குறைந்தாலும் அது நிகழக்கூடியதே. கணைய அழற்சி அரிதாக வருகிறது. சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த சஸ்டெய்ன்-6 ஆய்வில் விழித்திரைப் பாதிப்பின் சிக்கல்கள் 1.8 விழுக்காட்டிலிருந்து 3 ஆகக் கூடின. ஏற்கெனவே விழித்திரை பாதிக்கப்பட்டவர்களிடம் சர்க்கரை திடீரெனக் குறைவது இதற்குப் பெரும் காரணமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. கண் சார்ந்த இன்னொன்று, பெரும் எண்ணிக்கை என்ன செய்ய வல்லது என்பதைக் காட்டுகிறது. கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பின் முனைக்கு ரத்த ஓட்டம் தடைபட்டு, வலியில்லாமல் திடீரெனப் பார்வை போகும் நயான் என்ற நோய் செமாக்ளூடைட் எடுப்பவர்களிடம் கூடுதலாக இருப்பதாக 2024 ஜூலையில் பாஸ்டன் கண் மருத்துவர்கள் எழுதினார்கள். மருந்து வந்து ஆறரை ஆண்டுகள் ஆகியிருந்தன. 2025 ஜூனில் ஐரோப்பிய மருந்து முகமை இதை ஏற்று, பத்தாயிரத்தில் ஒருவர் வரை பாதிக்கப்படக்கூடிய மிக அரிய பக்கவிளைவு என்று மருந்துக் குறிப்பில் சேர்க்கச் சொன்னது. அரிதானதுதான், ஆனால் போன பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை. லட்சக்கணக்கானோர் எடுத்த பிறகே வெளிப்படும் தீங்கு எப்படியிருக்கும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

எதிர்ப்பக்கத்தில், எழுந்த எல்லா அச்சமும் உறுதியாகிவிடவில்லை. தற்கொலை எண்ணத்தைத் தூண்டுகிறதா என்று 2023 இல் ஐஸ்லாந்திலிருந்து எழுந்த ஐயத்தை ஆராய்ந்த ஐரோப்பிய முகமை, 2024 இல், அப்படிக் காரணத் தொடர்பு தென்படவில்லை என்றது. தைராய்டுப் புற்றுநோயைப் பற்றிய அச்சம் இன்னும் ஆழமானது. எலிகளுக்குக் கொடுத்தபோது தைராய்டின் சி செல்களில் கட்டிகள் வந்தன. எனவே மருந்துக் குறிப்பிலேயே எச்சரிக்கை இருக்கிறது, மெடுல்லரி தைராய்டுப் புற்றுநோய் குடும்பத்தில் உள்ளவர்கள் இதை எடுக்கக் கூடாது. மனிதரின் சி செல்களில் இந்த ஏற்பிகள் எலியைவிட மிகக் குறைவு. 2022 இல் ஒரு பிரெஞ்சு ஆய்வு தொடர்பு இருப்பதாகச் சொன்னது. 2024 இல் டென்மார்க், நார்வே, சுவீடன் நாடுகளின் பதிவேடுகளை வைத்து 1.45 லட்சம் பேரை ஆராய்ந்தவர்கள், ஆபத்து குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை என்றார்கள். அந்த ஆய்வின் நேர்மையான பகுதி அதன் எல்லைக்கோடு: 31 விழுக்காடு வரையிலான கூடுதல் ஆபத்தைத் தங்கள் தரவு மறுக்கவில்லை என்பதையும் அவர்கள் சேர்த்தே எழுதினார்கள். சராசரிக் கண்காணிப்புக் காலம் 3.9 ஆண்டு. தைராய்டுப் புற்றுநோய் மெல்ல வளர்வது. நான்காண்டுத் தரவு தருவது நான்காண்டு ஆறுதல். அதை அந்த அளவில் ஏற்றுக்கொள்ளலாம்.

இதுவரை சொன்னவற்றைவிட என்னை அதிகம் கவலைப்படுத்துவது தசையும் எலும்பும். இவை தேய்வதற்கு எச்சரிக்கை மணி கிடையாது, மருத்துவமனைப் பதிவில் ஏறாது, யாரும் பக்கவிளைவாகப் புகார் செய்ய மாட்டார்கள். ஸ்டெப்-1 ஆய்வில் 140 பேரின் உடலை ஊடுகதிர் அளவீட்டில் பார்த்தபோது, குறைந்த எடையில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு கொழுப்பல்லாத திசுவாக இருந்தது. டிர்செபடைட்டின் சர்மவுன்ட்-1 ஆய்வில் அது நான்கில் ஒரு பங்கு. கொழுப்பல்லாத திசு முழுவதும் தசை ஆகிவிடாது, அதில் நீரும் உள்ளுறுப்புகளும் அடக்கம். எந்த வழியில் எடை குறைத்தாலும் தசையும் ஓரளவு போகும். உடல் லேசானதால் நடப்பதும் ஏறுவதும் எளிதானதாகப் பலர் உணர்கிறார்கள். இவை எல்லாம் உண்மை. ஆனாலும் செலக்ட் ஆய்வில் இடுப்பு எலும்பு முறிவு பெண்களில் 0.2 விழுக்காட்டிலிருந்து 1 விழுக்காடாகவும், 75 வயதைக் கடந்தவர்களில் 0.6 இலிருந்து 2.4 ஆகவும் இருந்தது. அமெரிக்காவில் வெகோவியின் மருந்துக் குறிப்பிலேயே இந்த எண்கள் அச்சாகியிருக்கின்றன. எண்ணிக்கை சிறியது, தற்செயலாகவும் இருக்கலாம். மூப்பில் இடுப்பு எலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்கள் அதைத் தற்செயல் என்று கடந்துபோக மாட்டார்கள்.

இந்திய உடலுக்கு இந்தக் கவலை இருமடங்கு. இந்தியர்கள் ஒரே எடையில் ஐரோப்பியரைவிடக் குறைந்த தசையும் கூடுதல் கொழுப்பும் கொண்டவர்கள் என்பது பல ஆய்வுகளில் நிறுவப்பட்டது. 2004 இல் லான்செட் இதழில் புணே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் பிரிட்டன் மருத்துவர் ஜான் யூட்கினும் தங்கள் படத்தையே வெளியிட்டு இதை விளக்கினார்கள்: இருவரின் பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) அளவும் 22.3 தான், யூட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக் உடலில் 21.2. தொடக்கத்திலேயே தசை குறைந்த உடலில், சராசரியாக 38 பி.எம்.ஐ. கொண்டிருந்த ஸ்டெப்-1 பங்கேற்பாளர்களின் கணக்கை அப்படியே பொருத்த முடியாது. 105 கிலோ எடையுள்ள ஒருவர் ஐந்து கிலோ கொழுப்பல்லாத திசுவை இழப்பதும், 70 கிலோ எடையுள்ள ஒருவர் அதில் பாதியை இழப்பதும் ஒன்றல்ல. இந்தியர்களிடம், இந்தியருக்குரிய எடை வரம்புகளில், தசை வலிமையை அளந்து பத்தாண்டு தொடரும் ஆய்வுதான் இந்தக் கேள்விக்கு விடை தரும்.

ஊசியை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதையும் பாதுகாப்புக் கேள்வியின் ஒரு பகுதியாகவே பார்க்க வேண்டும். ஸ்டெப்-1 ஆய்வு முடிந்து ஊசியும் நின்ற ஓராண்டில், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. சீரான ரத்த அழுத்தமும் பெரும்பாலும் பழைய நிலைக்குச் சென்றது. சர்மவுன்ட்-4 ஆய்வில் 36 வாரத்தில் 21 விழுக்காடு எடை குறைந்தவர்களில் பாதிப்பேருக்கு வெற்று ஊசி கொடுத்தபோது அடுத்த 52 வாரத்தில் 14 விழுக்காடு ஏறியது. மருந்து பசியின் சமிக்ஞையை மாற்றுகிறது, பசியின் வேரை மாற்றுவதில்லை. எனவே இது வாழ்நாள் மருந்து என்றே மருத்துவர்கள் சொல்கிறார்கள். மக்கள் அப்படி எடுப்பதில்லை. அமெரிக்காவில் 1.25 லட்சம் பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2025 இல் வெளியான ஆய்வில், சர்க்கரை நோய் இல்லாதவர்களில் 64.8 விழுக்காட்டினர் ஓராண்டுக்குள் நிறுத்தியிருந்தார்கள். காசு தீர்ந்தோ, குமட்டல் தாங்காமலோ, நினைத்த எடை வந்ததாலோ நிறுத்துவார்கள். எடை ஏறியதும் சிலர் மறுபடி தொடங்குவார்கள். உணவுக் கட்டுப்பாட்டால் எடை குறைந்து மீண்டும் ஏறிய மூத்த பெண்களை ஆராய்ந்தபோது, போன தசை முழுதாகத் திரும்பவில்லை, கொழுப்பே அதிகம் திரும்பியது. நான்கைந்து முறை இறங்கி ஏறியவரின் உடல் ஐம்பத்தைந்து வயதில் எப்படி இருக்கும்? விட்டு விட்டு எடுக்கும் இந்த முறைதான் நிஜ வாழ்க்கையில் பரவலானது; பெரிய ஆய்வுகள் எல்லாம் தொடர்ந்து எடுப்பவர்களைப் பற்றியவை.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். உடல் பருமனே கொல்கிறதே, நிச்சயமான கேட்டை வைத்துக்கொண்டு, வருமா வராதா என்று தெரியாத கேட்டுக்கு அஞ்சி ஏன் தயங்க வேண்டும்? சென்னை மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வு 2023 இல் நாட்டில் 25.4 கோடிப் பேருக்கு உடல் பருமனும் 35.1 கோடிப் பேருக்கு வயிற்றுப் பருமனும் இருப்பதாகக் கணித்தது. தயக்கத்துக்கும் விலை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. எடை இழப்பே நீண்ட காலத்தில் ஆகாதது என்ற ஐயத்துக்கும் பதில் இருக்கிறது: சுவீடனில் 1987 இல் தொடங்கிய எஸ்ஓஎஸ் ஆய்வு, எடைக் குறைப்பு அறுவை செய்துகொண்ட இரண்டாயிரம் பேரை இருபது ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்து, அவர்கள் அறுவை செய்யாதவர்களைவிடச் சராசரியாக மூன்றாண்டு கூடுதலாக வாழ்ந்ததைக் காட்டியது. ஆனால் அவர்கள் சராசரியாக 40 பி.எம்.ஐ. அளவைத் தாண்டியவர்கள். மறுப்பின் வலு முழுவதும் அவர்களைப் போன்ற கடும் பருமன் உள்ளவர்களுக்கும், சர்க்கரை, இதயம், சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்கும்தான் உரியது. அவர்கள் தயங்க வேண்டியதில்லை. அச்சமூட்டும் செய்திகளைப் பார்த்து ஊசியை நிறுத்துவது அவர்களுக்குத்தான் ஆபத்து. திருமணத்துக்கு முன் எட்டு கிலோ குறைக்க நினைப்பவர் இதே மறுப்பைக் கடன் வாங்க முடியாது. நடுவில் இருப்பவர்களும் உண்டு, பி.எம்.ஐ. 28, எல்லையோரச் சர்க்கரை, பெற்றோருக்கு மாரடைப்பு என்று. அவர்களுக்கு ஒற்றை விதி கிடையாது, மருத்துவரோடு உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

இன்னொரு மறுப்பு: ரத்த அழுத்த மாத்திரையையும் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டினையும் வாழ்நாள் முழுதும் விழுங்குகிறோமே, அவற்றுக்கும் தொடக்கத்தில் இருபதாண்டுத் தரவு இருந்ததா என்பது. இல்லைதான். ஆனால் அந்தத் தரவு தானாக வந்துவிடவில்லை, உருவாக்கினார்கள். ஸ்காட்லாந்தில் 6595 ஆண்களிடம் நடந்த வோஸ்காப்ஸ் ஆய்வு ஐந்தாண்டில் முடிந்த பிறகும், தேசியப் பதிவேடுகளின் வழியாக அவர்களை விடாமல் தொடர்ந்து இருபதாம் ஆண்டு முடிவை 2016 இல் வெளியிட்டார்கள். ஸ்டாட்டினின் இன்றைய நம்பகத்தன்மை அப்படிச் சம்பாதித்தது. ஊசிகளுக்கும் அது சாத்தியம்; யாராவது செய்ய வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2025 டிசம்பரில் உடல் பருமனுக்கு இம்மருந்துகளை நீண்ட காலம் பயன்படுத்தலாம் என்று பரிந்துரைத்தபோது, அதை நிபந்தனைக்கு உட்பட்ட பரிந்துரையாகவே வைத்தது. சொன்ன காரணங்களில் ஒன்று, நீண்ட காலப் பயன், பாதுகாப்பு பற்றிய தரவு போதாமை.

ஆய்வுகளில் இடம்பெறாமல் போனவர்களில் முதன்மையானவர்கள் கர்ப்பம் தரிக்க எண்ணும் பெண்கள். எடை குறைந்ததும் சினைப்பை நீர்க்கட்டி உள்ள பலருக்கு மாதவிடாய் சீராகி, எதிர்பாராமல் கரு தரிக்கிறது. டிர்செபடைட் வாய்வழிக் கருத்தடை மாத்திரையின் உறிஞ்சலைக் குறைக்கக்கூடியது. செமாக்ளூடைட்டைக் கர்ப்பத்துக்குத் திட்டமிடும் முன் குறைந்தது இரண்டு மாதம் நிறுத்தச் சொல்கிறார்கள், அது உடலை விட்டு நீங்க அவ்வளவு நாளாகும் என்பதால். சீட்டு எழுதும்போதே இதைச் சொல்லாத மருத்துவர் பாதி மருத்துவம்தான் செய்திருக்கிறார்.

இந்தியாவில் மவுஞ்சாரோ 2025 மார்ச்சிலும் வெகோவி ஜூனிலும் விற்பனைக்கு வந்தன. செமாக்ளூடைட்டின் காப்புரிமைக் காலம் இங்கே 2026 மார்ச் வரைதான். அதன்பின் உள்நாட்டு நிறுவனங்களின் மலிவான தயாரிப்புகளுக்குத் தடையில்லை. உண்மையில் தேவைப்படும் ஏழை நோயாளிக்கு இது பெரிய வரம். கூடவே, சீட்டில்லாமல் வாங்கி, இணையத்தைப் பார்த்து அளவைக் கூட்டிக்கொள்பவர்களின் எண்ணிக்கையும் பெருகும். டென்மார்க்கிலும் சுவீடனிலும் ஒவ்வொரு சீட்டும் நோயும் இறப்பும் ஒரே அடையாள எண்ணில் இணைந்திருப்பதால்தான் தைராய்டுக் கேள்விக்கு அவர்களால் விடை தேட முடிந்தது. அப்படியொரு பதிவேடு நம்மிடம் இல்லை. விற்பனை மேலும் பரவும் முன்பே ஊசி தொடங்குபவர்களில் ஒரு பகுதியினரையாவது பெயர் மறைத்துப் பதிவு செய்து, கைப்பிடி வலிமை, இடுப்பளவு, எலும்பு அடர்த்தி ஆகியவற்றை ஆண்டுதோறும் அளக்கும் ஏற்பாடு வேண்டும்; நிறுத்தியவர்களையும் அதில் தொடர வேண்டும், ஏனெனில் அவர்களே பெரும்பான்மை. கைப்பிடி வலிமையை அளக்கும் கருவி விலை உயர்ந்ததல்ல, ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வைக்கலாம்.

அதுவரை நம்மிடம் இருப்பது காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் 2011 முதல் ஒருங்கிணைத்துவரும் மருந்துக் கண்காணிப்புத் திட்டம். மருத்துவக் கல்லூரிகளில் அதற்குக் கண்காணிப்பு மையங்கள் உண்டு. ஊசி எடுப்பவருக்குத் திடீரென ஒரு கண் மங்கினாலோ, வயிற்றின் மேற்பகுதியில் முதுகு வரை பரவும் கடும் வலி வந்தாலோ முதலில் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். பிறகு அதைப் பதிவும் செய்ய வேண்டும். அதற்கு மருத்துவராக இருக்க வேண்டியதில்லை. 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியோ வீட்டாரோ நேரடியாகத் தெரிவிக்கலாம். மருந்தின் பெயர், தயாரித்த நிறுவனம், பெட்டியில் உள்ள தொகுதி எண், தொடங்கிய தேதி, அளவு ஆகியவை கையில் இருந்தால் போதும்.